கெர்வாஸ் பிரபுவின் அகப்பை

எங்கள் கெல்ஷம் ஊரில் ஓட்டுப் போட நிலம் வேண்டாம், படிப்பு வேண்டாம், நல்ல புத்திகூட வேண்டாம். சட்டி இருந்தால் போதும். ஊர் எல்லைக்குள் தன் சொந்த அடுப்பில் தன் சொந்தச் சட்டியைக் கொதிக்க வைக்கிற ஆண்பிள்ளை எவனோ, அவனுக்கு ஓட்டு. அதனால் பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களைச் சட்டிக்காரர்கள் என்பார்கள். கிண்டலாகத்தான் சொல்வார்கள். அவர்கள் ஊரில் ஓட்டு பன்னிரண்டு பேருக்கு மட்டும்; அந்தப் பன்னிரண்டு பேரும் ஒரே பண்ணையாருடைய சாப்பாட்டு மேசையில் உட்காருகிறவர்கள். வயிற்றெரிச்சல் இருக்காதா?

தேர்தல் நாள் காலையில் மேயர் கழுத்தில் வெள்ளிச் சங்கிலியை மாட்டிக்கொண்டு வீடு வீடாக வருவார். மூடியைத் திறந்து சட்டிக்குள் எட்டிப் பார்ப்பார். ஆவி முகத்தில் அடித்தால் "ஓட்டு உண்டு" என்பார். பின்னால் வரும் எழுத்தர் பெயரை எழுதிக்கொள்வார். உள்ளே கொதிப்பது என்ன என்பது மேயருக்கு அவசியமில்லை. ஒரு தடவை கூரை வேய்கிறவன் ஒருவன், கறி வாங்க வழியில்லாமல், பழைய செருப்பைப் போட்டுக் கொதிக்க வைத்தான். அதுவும் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு மதியம் எல்லோரும் சந்தைத் திடலில் போட்ட மேடையில் ஒவ்வொருவராக ஏறி, யாருக்கு ஓட்டு என்று ஊர் கேட்க உரக்கச் சொல்ல வேண்டும். ஒளித்து மறைத்துப் போடுகிற வேலையெல்லாம் அப்போது கிடையாது.

சட்டிகள் மொத்தம் இருநூற்றுப் பதினொன்று. ஆனால் நூற்று நாற்பது வருடமாக அத்தனைக்கும் மூடி ஒன்றுதான். அது ஸ்டேவரிங் குடும்பம், கெல்ஷம் பிரபுக்கள். அவர்கள் கை காட்டிய ஆள்தான் லண்டன் பாராளுமன்றத்தில் போய் உட்காருவார். அந்த வம்சத்தில் மந்திரியாக இருந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் கடற்படை மந்திரியாக இருந்து, கடலைப் பார்க்காமலே செத்தார். இன்னொருவர் வீட்டு ஜன்னல்களை எண்ணி வாங்குகிற ஜன்னல் வரி நாட்டுக்கு எவ்வளவு நல்லது என்று சபையில் நாலு மணி நேரம் பேசிவிட்டு வந்து தன் மாளிகையில் அறுபது ஜன்னலை அடைத்துக்கொண்டார். குடும்பச் சின்னத்தில் ஒரு கழுகு, அதன் காலடியில் ஒரு வரி: 'யாருக்கும் மண்டியிடோம்.'

நகர மன்றச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு படம் தொங்கும். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கையில் பெரிய அகப்பையுடன் நிற்கிறாரே, அவர்தான் சர் கெர்வாஸ் ஸ்டேவரிங், வம்சத்தின் முதல் பிரபு. 1690இல் யாரோ மேலிடத்து ஆட்கள் ஊர்க்காரர்களின் ஓட்டைப் பறிக்க வீடு வீடாக அடுப்பை அடைத்தார்களாம். சர் கெர்வாஸ் தன் கையாலேயே சட்டிகளைத் தூக்கி வந்து சந்தைத் திடலில் வைத்து, தீ மூட்டி, அகப்பையால் கிளறி, வானத்துக்கு அடியில் கொதித்தாலும் சட்டி சட்டிதான் என்று லண்டன் வரை வழக்காடி ஜெயித்தாராம். அந்த நன்றிக்குத்தான் ஊர் தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கு ஓட்டுப் போட்டது.

இந்தக் கதையை முப்பது வருடமாக வாசல் வாசலாகச் சொன்னவள் ஹொனோரியா ஸ்டேவரிங். இப்போதைய பிரபு லயனலுக்கு நாலு வயது மூத்த அக்கா. வயது ஐம்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடும்பப் பெயர்தான் அவளுக்குப் புருஷன், பிள்ளை எல்லாம். தேர்தல் வந்துவிட்டால் பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிவிடுவாள். எந்த வீட்டில் யாருக்கு முட்டி வலி, எந்தப் பெண்ணுக்குப் பிரசவம் என்று விரல் நுனியில் வைத்திருப்பாள். அவள் கதை சொல்லும்போது கண் கலங்கும். அது நடிப்பில்லை, அதனால்தான் எடுபட்டது.

1830இல் பழைய ராஜா செத்துப் புது ராஜா வந்து, ஆகஸ்டில் தேர்தலும் வந்தது. லயனல் பிரபு இந்த முறை கை காட்டிய ஆள் மிஸ்டர் ஹக்ஸ்டன் என்ற லண்டன்காரர். மேற்கிந்தியத் தீவுகளில் அவருக்குக் கரும்புத் தோட்டம், அதில் நானூறு அடிமைகள். கெல்ஷம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார். எதிர்த்து நின்றவர் கேப்டன் ரெய்க், ஒற்றைக் கைக்காரர், ஆப்பிரிக்கக் கரையோரம் அடிமைக் கப்பல்களை மடக்கிப் பிடித்தவர். பிடித்த கப்பல் ஒன்றின் அடித்தளத்தைத் திறந்தபோது கண்டதை மட்டும் ஒரு கூட்டத்தில் சொன்னார், வேறு எதுவும் பேசவில்லை. மறுநாளே எங்கள் பெண்கள் டீயில் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டார்கள். சர்க்கரையில்லாத டீயை ஒரு வாரம் குடித்த ஆண்பிள்ளைகளுக்கு அரசியல் தானாகப் புரிந்தது.

ஹொனோரியாவுக்கும் ஹக்ஸ்டனைப் பிடிக்கவில்லை. ஆனாலும் குடும்பம் கை காட்டிய ஆள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுக் கேட்கக் கிளம்பினாள்.

தேர்தலுக்கு ஒரு வாரம் இருந்தது. தோல் பதனிடும் தெருவில் சேணம் தைக்கிற அம்ப்ரோஸ் டக்கட்டின் வீட்டுக்குள் அவள் நுழைந்தபோது, நடுப்பகலில் வீடு குளிர்ந்து கிடந்தது. அவன் மனைவி கெஸியா பழைய ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சீமாட்டியம்மா, உக்காருங்க. டீ மட்டும் கேக்காதீங்க. சர்க்கரைய நாங்க நிறுத்திட்டோம், அடுப்ப உங்க தம்பி நிறுத்திட்டாரு."

ஹொனோரியா திரும்பிப் பார்த்தாள். அடுப்பு இருந்த இடத்தில் புதுச் செங்கல் சுவர். பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது.

"என்ன இது?"

"புகைபோக்கி ரிப்பேராம்" என்றான் அம்ப்ரோஸ், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பிரபுவோட காரியக்காரன் ட்ராஸ்க் நாலு கொத்தனாரோட வந்தான். வீடு பிரபுவோடதாச்சே, நாம என்ன சொல்ல முடியும்?"

"இந்தத் தெருவுல பதினஞ்சு வீடு, ஆத்தங்கரையில எட்டு" என்றாள் கெஸியா. "ஊருல அத்தன புகைபோக்கி இருக்கு. கேப்டனுக்குத்தான் ஓட்டுன்னு வாயத் தொறந்து சொன்ன இருபத்து மூணு வீட்டுலதான் கெட்டுப்போயிருக்கு. என்னா அதிசயம் பாருங்க! தேர்தல் முடிஞ்ச மறுநாள் சரியாயிடுமாம்."

"நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்று முணுமுணுத்தான் அம்ப்ரோஸ்.

"இருந்திருந்தா நானே செங்கல் வச்சிருப்பேன். உன் வாயில."

ஹொனோரியாவின் முகம் சிவந்துவிட்டது. "இது ட்ராஸ்க் பாத்த வேல. என் தம்பிக்குத் தெரிஞ்சிருக்காது. ஸ்டேவரிங் குடும்பம் அடுப்ப அடைக்காது, கெஸியா. அடைச்ச அடுப்புக்காகச் சண்ட போட்ட குடும்பம் அது."

"அந்தக் கதைய எனக்கு எட்டு வயசுலேர்ந்து சொல்றீங்கம்மா. நல்ல கதைதான். ஆனா அதுமேல சட்டிய வைக்க முடியலையே?"

"வைக்கலாம். கெர்வாஸ் பிரபு செஞ்சதையே நீங்களும் செய்ங்க. தேர்தல் அன்னைக்கு இருபத்து மூணு வீடும் சட்டியத் தூக்கிட்டு சந்தைத் திடலுக்கு வாங்க. அங்கேயே தீ மூட்டுங்க. அந்த ஓட்டு செல்லும். செல்ல வைக்கறது என் பொறுப்பு. இது என் வார்த்தை."

வாக்குக் கொடுத்துவிட்டு நேரே மாளிகைக்குப் போனாள். லயனல் பிரபு தன் வேட்டை நாய்களுக்குக் கறித்துண்டு போட்டுக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது; பிறந்ததிலிருந்து யாரும் அவரிடம் முடியாது என்று சொன்னதில்லை, அவ்வளவுதான். அவள் கேட்டதும் மறுக்கக்கூட இல்லை.

"ஆமா, நான்தான் சொன்னேன். அதுக்கென்ன இப்போ? அவனுங்க வீடா அது? என் வீடு, என் அடுப்பு, என் செங்கல்."

"லயனல், நாம கெர்வாஸோட வம்சம்!"

"ஐயோ அக்கா, அந்த அகப்பைய இறக்கி வை. ஹக்ஸ்டனுக்கு நான் வாக்குக் குடுத்தாச்சு."

"நானும் குடுத்தாச்சு. இருபத்து மூணு சட்டியும் திடலுக்கு வரும்."

பிரபு சிரித்தார். "வரட்டுமே. மேயர் பெக் எட்டிக்கூடப் பாக்க மாட்டார். நம்ம வேலக்காரங்க சட்டைக்கெல்லாம் துணி அவர் கடையிலேர்ந்துதான் வருது. சட்டம் எங்கே, காகிதம் எங்கேன்னு கேப்பார். சுவத்துல தொங்கற படத்தக் காட்டுவியா?"

"காகிதம் நம்ம பத்திர அறையில இருக்கு. லண்டன் பாராளுமன்ற சபையோட தீர்ப்பு. அப்பா சொல்லியிருக்கார்."

அதைக் கேட்டதும் பிரபுவின் கை கறித்துண்டோடு அப்படியே நின்றது. "அந்த அறைப் பக்கம் போகாதே, அக்கா" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகச் சொன்னார். ஜெயித்துவிடுவேனோ என்று பயப்படுகிறான் என்றுதான் ஹொனோரியா நினைத்தாள்.

பத்திர அறை மாளிகையின் வடக்கு மூலையில் இருந்தது. இரண்டு நாள் தேடினாள். குத்தகைச் சீட்டுகள், கல்யாண ஒப்பந்தங்கள், செத்துப்போன சித்தப்பா ஒருவரின் பொய்முடிக் கணக்கு, எலி தின்றது போக மிச்சம் எல்லாம் பார்த்தாள். மூன்றாம் நாள் காலை, கறுப்புப் பெட்டிக்கு அடியில், துணியில் சுற்றி, அரக்கு முத்திரையோடு அது கிடைத்தது. ஆசையாகப் பிரித்து ஜன்னலோரம் கொண்டு போய்ப் படித்தாள். பிறகு இன்னொரு தடவை படித்தாள். மூன்றாவது தடவை எழுத்துகள் தெரியவில்லை.

கெல்ஷம் குடிகள் முப்பத்தொரு பேரும், அவ்வூரில் சாராயக்கடை வைத்திருந்த விதவை மார்ஜரி டோலும் கொடுத்த மனு அது. எதிர்வாதி, சர் கெர்வாஸ் ஸ்டேவரிங். அடுப்புகளை அடைக்கக் கொத்தனார்களை அனுப்பியவர் சர் கெர்வாஸ். கடையின் பெரிய சட்டியை முதலில் திடலுக்குத் தூக்கி வந்தவள் மார்ஜரி டோல். கொதிக்கிற சட்டிகளைக் கவிழ்க்க நாய்களை ஏவிவிட்டவர் சர் கெர்வாஸ். ஊர் எல்லைக்குள் தன் பேரில் மூட்டிய தீயில் சட்டியைக் கொதிக்க வைக்கிறவன் எங்கே கொதிக்க வைத்தாலும் ஓட்டுக்கு உரியவன் என்று சபை தீர்ப்புச் சொல்லியிருந்தது. எதிர்வாதி சபை நடுவே மண்டியிட்டுக் கண்டனம் பெற வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. கீழே வேறு மையில் ஒரே ஒரு வார்த்தை: 'மண்டியிட்டார்.'

ஹொனோரியாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கணக்குப் பார்த்தாள். முப்பது வருடம்! எத்தனை வாசல்கள், எத்தனை குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு, எத்தனை கிழவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு! நாயை ஏவினவனை அகப்பையோடு நிறுத்தி, அந்தச் சாராயக்கடைக்காரியின் பேரைக்கூட மிச்சம் வைக்காமல் துடைத்த கதையை அவள் கண்ணீரோடு சொல்லியிருக்கிறாள். அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

கதவோரம் லயனல் நின்றார்.

"போகாதேன்னு சொன்னேன்ல?"

"உனக்குத் தெரியுமா?"

"இருபத்தோரு வயசானப்ப அப்பா சொன்னார். பட்டத்துக்கு வர்றவனுக்கு மட்டும் சொல்றது வழக்கம்."

"எனக்கு ஏன் சொல்லல?"

அவர் தரையைப் பார்த்தார். "நீ நம்பிச் சொன்னாத்தான் எடுபடும்னார் அப்பா."

அந்த அடி நல்ல இடத்தில் விழுந்தது. ஹொனோரியா காகிதத்தை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

"அதக் குடு அக்கா. அடுப்புல போட்டுடலாம்."

"உன் அடுப்பு எரியுதுல்ல? நல்லது."

"யோசிச்சுப் பாரு. அது வெளியில வந்தா நூத்து நாப்பது வருஷம் போச்சு. அப்பா பேரு, தாத்தா பேரு, எல்லாம் நாறிடும். நாளைக்கு என் மகன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்த ஊருல நிப்பான்? நீ தனியா இருக்கற வீடும் என் வீடுதான். ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டிக்கொண்டு வெளியே போனாள்.

வீராப்பாக நடந்தாளே தவிர, வீட்டுக்குப் போனதும் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். மீதி நாட்கள் முழுக்க அந்தக் காகிதத்தோடு மல்லுக்கட்டினாள். வார்த்தை கொடுத்தாகிவிட்டது, காப்பாற்ற வேண்டும். ஆனால் அப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்து வந்து போனது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். சட்டியைப் பற்றித் தீர்ப்புச் சொன்ன மூன்று வரியை மட்டும் மேயரிடம் படித்துக் காட்டிவிடலாம். மற்றது யாருக்குத் தெரியப்போகிறது? குடும்பமும் தப்பும், சட்டியும் தப்பும். தன்னையே ஏமாற்றிக்கொள்கிற மனசுக்கு இந்த மாதிரி வழிகள் சுலபமாகக் கிடைக்கும்.

தேர்தல் நாள் விடிந்தது. சந்தைத் திடலில் மூன்று கல்லை வைத்து ஒவ்வொரு குடும்பமும் தீ மூட்டியிருந்தது. இருபத்து மூன்று சட்டிகள், இருபத்து மூன்று புகை. முட்டைக்கோசும் பன்றிக் கொழுப்பும் கொதிக்கிற வாசனை தேவாலயம் வரை போனது. கெஸியா தன் சட்டியைக் கிளறிக்கொண்டே, போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஊரே நின்றது. மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு லயனல் பிரபு உட்கார்ந்திருந்தார், அவர் தோளுக்குப் பின்னால் ட்ராஸ்க். ஹக்ஸ்டன் வரவில்லை, வரவேண்டிய அவசியம் இருப்பதாக அவர் நினைக்கவில்லை.

மற்ற வீடுகளை முடித்துக்கொண்டு மேயர் பெக் வந்தார். திடலைப் பார்க்காததுபோலவே கடக்கப் பார்த்தார்.

"பெக் ஐயா! சட்டி கொதிக்குது, மூடியத் தொறந்து பாருங்க" என்று கத்தினாள் கெஸியா.

"அடுப்புல இல்லையேம்மா. கல்லு மேலல்ல இருக்கு?"

"எங்க அடுப்பு செங்கல்லுக்குப் பின்னால இருக்கு. எட்டிப் பாக்கறீங்களா, உங்க மூக்கு நீளந்தான?"

கூட்டம் சிரித்தது. மேயர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல? திடல்ல வைக்கலாம்னு யார் சொன்னா?"

"சபை சொல்லியிருக்கு." ஹொனோரியா முன்னால் வந்தாள். கையில் காகிதம். "1690ஆம் வருஷத்துத் தீர்ப்பு. கேளுங்க." அந்த மூன்று வரியைப் படித்தாள். படிக்கும்போது எதிரே இருந்த யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கூட்டம் ஆரவாரம் செய்தது. "கெர்வாஸ் பிரபு வாழ்க!" என்று எவனோ பழக்கதோஷத்தில் கத்தினான். மேயர் பிரபுவைப் பார்த்தார். பிரபு ட்ராஸ்க்கின் காதில் ஏதோ சொன்னார். ட்ராஸ்க் நிமிர்ந்தான்.

"மூணு வரி படிச்சா போதுமா மேயர் ஐயா? யார் மனு, யார் எதிர்வாதி, ஒண்ணும் தெரியல. முத்திரை போட்ட காகிதம்னா முழுசாப் படிக்கணும். சீமாட்டியம்மா முழுசாப் படிக்கட்டும். இல்லன்னா அது செல்லாது."

"நியாயம்தான்" என்றார் மேயர், மூச்சு வந்தவராக. "முழுசாப் படிங்கம்மா. இல்லாட்டி சட்டிகளத் தள்ளிட வேண்டியதுதான்."

ஹொனோரியா தம்பியைப் பார்த்தாள். அவர் காலை நீட்டிச் சாவகாசமாகச் சாய்ந்திருந்தார். அக்கா செத்தாலும் படிக்க மாட்டாள் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். அவளுடைய பாசத்தை எடுத்து அவளுக்கே விலங்காக மாட்டியிருந்தார். முப்பது வருடமாக அதைத்தானே செய்திருக்கிறார்கள், அப்பாவும் இவரும்! அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குள் கோபம் பொங்கியது.

"படிக்கறேன்" என்றாள். "எல்லாரும் கிட்ட வாங்க. இது என் குடும்பக் கத. இதுவரைக்கும் தப்பாச் சொல்லிட்டேன்."

முதல் வரியிலிருந்து படித்தாள். எதிர்வாதி என்ற வார்த்தை வந்ததும் ஒரு கணம் நிறுத்தி, சர் கெர்வாஸ் ஸ்டேவரிங் என்ற பேரைத் திடலின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னாள். கொத்தனார்கள் வந்தார்கள். மார்ஜரி டோல் சட்டியைத் தூக்கினாள். நாய்கள் வந்தன. சட்டிகள் கொதிக்கிற ஓசை மட்டும் கேட்டது. பிரபு நாற்காலியை விட்டு எழுந்து, "நிறுத்து, ஹொனோரியா!" என்றார். அவள் நிறுத்தவில்லை. 'மண்டியிட்டார்' என்ற கடைசி வார்த்தையையும் படித்து முடித்துத்தான் காகிதத்தைத் தாழ்த்தினாள்.

முதலில் பேசியவள் கெஸியா. "முப்பது வருஷமா எங்க காதுல நல்லாவே பூ சுத்தினீங்களேம்மா."

"என் காதுலயும் அதே பூதான்டி" என்றாள் ஹொனோரியா. "தெரியாமத்தான் சொன்னேன். ஆனாலும் சொன்னது நான். மன்னிச்சுக்கோ."

கெஸியா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மார்ஜரி டோல்" என்று மெல்ல ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "எங்க தெருவுல ஒரு சந்துக்கு டோல் சந்துன்னு பேரு. ஏன்னு யாருக்கும் தெரியாது."

ட்ராஸ்க் விடவில்லை. "இந்தக் காகிதம் எங்கேர்ந்து வந்துது? யாரு சாட்சி? யார் வேணும்னாலும் முத்திரை அடிச்சுக்கலாமே."

எழுத்தர் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, "காகிதத்தைக் கொண்டுவந்து கொடுப்பவர் பேர்?" என்றார்.

"எழுதிக்குங்க" என்றாள் அவள். "ஹொனோரியா ஸ்டேவரிங். நாலாவது பிரபுவோட மக, அஞ்சாவது பிரபுவோட அக்கா. காகிதம் எங்க பத்திர அறையில, எங்க கறுப்புப் பெட்டிக்கு அடியில, எங்க ஆளுங்களே ஒளிச்சு வச்ச இடத்துல கெடச்சது. பொய்யின்னா பிரபு இங்கேயே சொல்லட்டும். அவர் வாயால, ஊர் முன்னால."

எல்லோரும் லயனல் பிரபுவைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் பெக் நம்பியிருப்பார். ஆனால் அக்கா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரபு வாயை மூடிக்கொண்டார். அதோடு அந்தக் காகிதம் செல்லுபடியானது.

மேயர் பெக் சங்கிலியைச் சரிசெய்துகொண்டு, வேறு வழியில்லாமல், கெஸியாவின் சட்டி மூடியைத் திறந்தார். ஆவி முகத்தில் பலமாக அடித்தது. "அம்ப்ரோஸ் டக்கட், ஓட்டு உண்டு" என்றார். இருபத்து மூன்று தடவை குனிந்து நிமிர்ந்ததில் அவர் முகம் வெந்துபோயிற்று.

மதியம் அம்ப்ரோஸ்தான் முதலில் மேடை ஏறினான். "கேப்டன் ரெய்க்" என்று சொல்லிவிட்டு, சொன்ன தைரியத்தில் இன்னொரு தடவையும் சொன்னான். ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் என்று எழுத்தர் அதட்டினார். மாலை மணி ஐந்துக்கு முடிவு சொன்னார்கள். ரெய்க் நூற்றொன்பது, ஹக்ஸ்டன் நூற்றிரண்டு. நூற்று நாற்பது வருடத்தில் ஸ்டேவரிங் கை காட்டாத ஒருவர் எங்கள் ஊருக்காக லண்டன் போனது அதுதான் முதல் தடவை. ஊரில் தொப்பி பறந்தது. அடுத்த குத்தகை நாளில் எத்தனை பேர் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் பறக்கவிட்டார்கள்.

கேப்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டம் நகர்ந்த பிறகு லயனல் பிரபு ஹொனோரியாவிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"செத்துப்போன நூறு பேரையும் இன்னைக்கு மறுபடி கொன்னுட்ட."

"உயிரோட இருக்கற இருபத்து மூணு பேரு சாப்பிட்டாங்க."

"வீட்டுச் சாவியக் குடு. இன்னைக்கே. இந்த ஊருல இனிமே உனக்குன்னு ஒரு அடுப்பு கெடையாது."

அவள் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தாள். இருபத்தைந்து வருடம் அவள் இருந்த வீடு. ரோஜாச் செடி ஒவ்வொன்றும் அவள் கையால் நட்டது. கண்ணில் நீர் வந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. சாவியைத் தம்பியிடம் கொடுக்காமல் ட்ராஸ்க்கின் கையில் வைத்தாள்.

"ட்ராஸ்க், உன் கொத்தனாருங்களக் கூட்டிட்டுப் போ. வேலைய நல்லாப் பாக்கச் சொல்லு. அடைச்ச அடுப்புக் கணக்குல டக்கட் பேருக்குக் கீழ என் பேரையும் எழுதிக்கோ. இருபத்து நாலாவது."

பிறகு பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, கெஸியாவின் சட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கெஸியா தன் கிண்ணத்தையே கழுவி, அடியில் இருந்த மிச்சத்தை வழித்து ஊற்றிக் கொடுத்தாள். பிரபு இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்தபடியே ஹொனோரியா கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி நீட்டினாள்.